நுரைக்கு ஒரு கணக்கு வேண்டும்

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலம் வந்தால் நுரை வருகிறது. கூடவே செய்தியும் வருகிறது. மதகைத் திறந்ததும் தென்பெண்ணையின் தண்ணீரே தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் பொங்குகிறது. காற்றடித்தால் துண்டு துண்டாகப் பறந்து பக்கத்து வயல்களில் விழுகிறது. தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்தியதும் உண்டு. கேமராக்கள் வருகின்றன. அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். பெங்களூரின் கழிவு என்று நாம் சொல்கிறோம். அது உண்மையும்கூட: பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிநீர் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. மழை நிற்கிறது, நுரை அடங்குகிறது, பேச்சும் அடங்குகிறது. அந்தப் பாட்டிலில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் சலவைப்பொருள் இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தண்ணீரையும் கழிவுநீரையும் பரிசோதிக்கும் ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நுரையைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே புகார் இதுதான். இந்த நாட்டில் நுரையைப் படம் பிடிக்கிறோம், அதன் மேல் மருந்து தெளிக்கிறோம், அதை வைத்து வழக்குப் போடுகிறோம். அளப்பதை மட்டும் கட்டாயமாக்கவில்லை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2017 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதில் நான்கே அளவுகோல்கள்: அமில-காரத் தன்மை, பி.ஓ.டி. (உயிரிவேதி ஆக்சிஜன் தேவை), மிதக்கும் திடப்பொருள், மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை இறுக்கி, சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை), நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் சேர்க்கச் சொன்னது. சலவைப்பொருள் எச்சம் இரண்டிலும் இல்லை. ஆனால் குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500ஐ எடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், வேறு நீராதாரமே இல்லையென்றால் 1 மில்லிகிராம் வரை என்று வரம்பு இருக்கிறது. குடிக்கிற இடத்தில் வரம்பு வைத்திருக்கிறோம், கலக்கிற இடத்தில் வைக்கவில்லை.

நுரையே காட்டிக் கொடுக்கிறதே, தனியாக எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். நுரை நம்பத் தகுந்த சாட்சி இல்லை. பாசி அழுகும்போது வெளிப்படும் புரதங்களும் நுரைக்கும். கொந்தளிக்கும் கடலில் நுரை இயற்கையாகவும் வரும், சாக்கடையாலும் வரும். 2019 டிசம்பரில் சென்னைக் கடற்கரையில் குழந்தைகள் விளையாடிய நுரையில் எந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுத்திகரிப்பு நிலைய ஊழியர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். புது நிலையத்தின் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியில் வெள்ளையாக, லேசாக மலைபோல் எழுந்தால் சோப்பு. பாக்டீரியா இன்னும் போதுமான அளவு வளரவில்லை என்று பொருள். பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கெட்டியாக மிதந்தால் அது இழை பாக்டீரியாவின் வேலை. சோப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

இன்னொரு குழப்பம், நுரைக்குக் காரணம் பாஸ்பேட் என்பது. யமுனை பற்றிய செய்திகளில் இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பாஸ்பேட் நுரைக்காது. அது தண்ணீரின் கடினத்தன்மையைச் சமாளிக்கச் சலவைத்தூளில் சேர்க்கப்படுவது. ஏரிக்குப் போனால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகும். நுரைப்பது அழுக்கை எடுக்கும் பொருள். இன்றைய தூள்களில் பெரும்பாலும் எல்.ஏ.எஸ். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் நேர்சங்கிலி அல்கைல் பென்சீன் சல்போனேட். அதற்கான மூலப்பொருள் நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது. பாஸ்பேட்டை அளந்துவிட்டு நுரையை அளந்துவிட்டோம் என்று நினைத்தால், வேறு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நுரை இல்லாததும் எதையும் நிரூபிக்காது. பெல்லந்தூர் ஏரியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தினர் சொன்ன விளக்கம் இது: ஆக்சிஜன் இல்லாத அந்த ஏரியில் சலவைப்பொருளின் ஒரு பகுதி சிதையாமல் அடிச்சேற்றில் ஒட்டித் தங்குகிறது, கனமழை சேற்றைக் கலக்கும்போது அது மேலே வருகிறது, நீர் விழும் இடத்தில் காற்றோடு மோதி நுரையாகிறது. வெயில் காலத்தில் ஏரி அமைதியாகக் கிடக்கும்போதும் பொருள் அங்கேதான் இருக்கிறது. டெல்லியில் சத் பூஜைக்கு முன்னால் காளிந்தி குஞ்ச் அருகே யமுனையில் நுரையடக்கி தெளிக்கிறார்கள். குமிழி உடைகிறது, குமிழியை உண்டாக்கிய பொருள் அதே தண்ணீரில் ஆக்ராவை நோக்கிப் போகிறது.

சரி, எப்படி அளப்பது? மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் பள்ளி ஆய்வகம் வரை எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சாயத்துக்கு நேர்மின்னூட்டம், நம் சலவைப்பொருளுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் தண்ணீரில் சந்தித்தால் இணைந்துகொள்ளும். தனியாக இருக்கும்போது சாயம் தண்ணீரை விட்டு நகராது. சலவைப்பொருளோடு இணைந்த பிறகு குளோரோஃபார்முக்குள் போய்விடும். எனவே மாதிரியைப் பிரிபுனலில் ஊற்றி, சாயமும் குளோரோஃபார்மும் சேர்த்துக் குலுக்கி, தெளிய விடுகிறோம். கனமான குளோரோஃபார்ம் அடியில் இறங்கும். அது எவ்வளவு நீலமாகியிருக்கிறதோ அவ்வளவு சலவைப்பொருள். 652 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை அனுப்பி நீலத்தின் அழுத்தத்தைக் கருவி படிக்கும். அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும். இதை எம்.பி.ஏ.எஸ். (மெத்திலீன் புளூவோடு வினைபுரியும் பொருள்கள்) சோதனை என்பார்கள். 1950களிலேயே செப்பனிடப்பட்ட முறை. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்கும் எந்த ஆய்வகத்திலும் செய்யலாம்.

எந்த ஆய்வகத்திலும் செய்யலாம் என்றேன், அலட்சியமாகச் செய்யலாம் என்று சொல்லவில்லை. இந்தச் சோதனைக்கான குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. வீட்டில் ஒரு தம்ளரில் பிசுக்கு இருந்தாலும் மறுபடி தேய்க்கிறவள் நான். ஆய்வகத்தில் சோப்புத்தூள் டப்பாவை அந்த மேசைப் பக்கமே வர விட்டதில்லை. சோப்பிட்ட கண்ணாடியில் அலசிய பிறகும் ஒட்டியிருக்கும் துளி எச்சம், சுத்தமான தண்ணீரையும் அசுத்தம் என்று காட்டிவிடும். ஆல்கஹாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் அலசித்தான் எடுப்போம். புதிதாக வேலைக்கு வந்து, நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து வைத்த பிள்ளைகளைத்தான் நான் அதிகம் திட்டியிருக்கிறேன்.

மாதிரி எடுப்பதிலும் அப்படியே. பாட்டிலின் உட்சுவரையொட்டி மெதுவாக நிரப்ப வேண்டும். நுரைக்க விடக் கூடாது. சலவைப்பொருள் குமிழியின் தோலில் போய்ச் சேரும் குணமுடையது. கெலவரப்பள்ளியில் படம் பிடிக்கப்படும் அந்த நுரையையே அள்ளி வந்து சோதித்தால் பயங்கரமான எண் வரும். அது நுரையின் எண், ஆற்றின் எண் ஆகாது. எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் பாட்டிலுக்குள் இருக்கும் பாக்டீரியாவே அதைத் தின்று, ஆறு தேறிவிட்டது என்று பொய் சொல்ல வைக்கும். சாக்கடை மாதிரியில் குலுக்கியதும் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே பால்போல் ஒரு படலம் நின்றுகொள்ளும். அது பிரியும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். குளோரோஃபார்ம் நஞ்சு என்பதால் ஆவியை உறிஞ்சும் ஃபியூம் ஹூடுக்குள்தான் எல்லாம்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. உப்பும் நைட்ரேட்டும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். குளோரோஃபார்மை மறுபடி கழுவி அதைக் குறைக்கிறோம். துணியை மென்மையாக்கும் திரவங்களில் இருக்கும் நேர்மின்னூட்டப் பொருள் எண்ணை இறக்கிவிடும். மின்னூட்டமே இல்லாத வகைச் சலவைப்பொருள்கள் இதில் தெரியவே தெரியாது. அவற்றுக்கு பிஸ்மத் வைத்துச் செய்யும் வேறு முறை இருக்கிறது. நெசவு, சாயத் தொழிலில் கழுவப் பயன்படும் நோனைல்பினால் எத்தாக்ஸிலேட் அந்த வகைதான். சிதைந்து மீன்களின் ஹார்மோன்களைக் கெடுக்கும் நோனைல்பினாலாக மாறுவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பெரும்பாலான பயன்பாடுகளில் அதற்குத் தடை போட்டது. ஆகவே எம்.பி.ஏ.எஸ். முழுக் கதையையும் சொல்லாது. வீட்டுச் சாக்கடையின் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். தொடங்குவதற்கு அது போதும்.

இனி, நான் ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்பதற்கு வருகிறேன். நான்கு பேர் உள்ள வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி 540 லிட்டர் கழிவுநீர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 50 கிராம் தூள். அதில் 15 விழுக்காடு எல்.ஏ.எஸ். என்றால் 7.5 கிராம். லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம். நிலையம் இதில் 90 விழுக்காட்டை நீக்கினால் 1.4 மில்லிகிராம் மிஞ்சும். 99 விழுக்காட்டை நீக்கினால் 0.14. அமெரிக்காவில் குடிநீரில் நுரைக்கும் பொருளுக்கு வைத்திருக்கும் பரிந்துரை வரம்பு 0.5. ஆக, ஒன்று அந்த வரம்பைத் தாண்டும் நீர், இன்னொன்று தாண்டாத நீர். இரண்டு நிலையங்களும் ஏட்டில் 'இயங்குகின்றன'.

அந்த ஒன்பது விழுக்காட்டை எது தீர்மானிக்கிறது? காற்று. ஆக்சிஜன் இருந்தால் பாக்டீரியா எல்.ஏ.எஸ்.ஸைச் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது அப்படியே கிடக்கும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் காற்றூதும் ப்ளோயரை நிறுத்தும் நிலையங்கள் இருக்கின்றன என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் அறிந்த விஷயம். அப்படிப்பட்ட நிலையம் பரிசோதனை நாளில் தேறுவது பெரிய காரியமில்லை. கடைசித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் கோலிஃபார்ம் செத்துவிடும். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், அதோடு பி.ஓ.டி.யும் ஓரளவு இறங்கும். சலவைப்பொருள் படிகாரத்துக்கும் மசியாது, பிளீச்சிங்குக்கும் மசியாது. காற்றோட்டத்தில் பாக்டீரியா உழைத்தால் மட்டுமே அது போகும். உள்ளே வரும் நீரிலும் வெளியே போகும் நீரிலும் அதை அளந்து வகுத்துப் பார்த்தால், அந்த நிலையம் உண்மையில் வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். நுரைக்காக மட்டும் இந்தச் சோதனையைக் கேட்கிறேன் என்று எண்ண வேண்டாம். மக்கள் பணத்தில் கட்டிய தொட்டிகளுக்கான தணிக்கையாகவும் கேட்கிறேன்.

சி.ஓ.டி.யிலேயே இதுவும் அடங்கிவிடுகிறதே என்று பொறியாளர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அடங்கித்தான் விடுகிறது, அதுதான் சிக்கல். ஒரு மில்லிகிராம் எல்.ஏ.எஸ். முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைய ஏறக்குறைய 2.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் எச்சம், சி.ஓ.டி. கணக்கில் மூன்றைச் சுற்றியே நிற்கும். 50 வரம்பு வைத்த இடத்தில் மூன்று யார் கண்ணிலும் படாது. ஆற்றில் மட்டும் படும்.

அளந்ததால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு நாடுகளில் பரவிய செயற்கைச் சலவைத்தூளில் கிளைச்சங்கிலி கொண்ட மூலக்கூறு இருந்தது. பாக்டீரியாவால் அதைக் கடிக்க முடியவில்லை. இங்கிலாந்து, ஜெர்மனி ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் லூட்டன் நகரத்தில் ஒரு பரிசோதனை நடந்தது: அந்த வட்டாரக் கடைகளில் எளிதில் சிதையும் தூளை விற்கச் செய்து, நகரின் கழிவுநீர் நிலையத்தில் எச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது. 1964 முதல் குறைந்தது 80 விழுக்காடு சிதையாத சலவைப்பொருளை விற்க முடியாமல் போனது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் தாங்களாகவே மாறினார்கள். இன்று நம் வீட்டுத் தூளில் இருக்கும் நேர்சங்கிலி மூலக்கூறு அந்த மாற்றத்தின் பிள்ளை. எண்ணை முன்னால் வைத்துப் பேசியதால் தொழிற்சாலையின் சேர்மானமே மாறியது.

இதை வைத்துத்தான் "எங்கள் தூள் சிதையக்கூடியது" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அதில் காற்று ஓடினால். யமுனைச் செயல்திட்டத்தில் உத்தரப் பிரதேச, அரியானா நகரங்களில் கட்டப்பட்ட பல நிலையங்கள் காற்றில்லா வகையைச் சேர்ந்தவை. மின்சாரம் மிச்சம் என்பது அவற்றின் நியாயம், ஆனால் எல்.ஏ.எஸ். அவற்றில் அநேகமாகச் சிதையாது, சேற்றில் ஒட்டும். அந்தச் சேற்றை உரமென்று வயலுக்கு அனுப்பினால் அங்கேயும் கணக்குப் பார்க்க வேண்டும். டென்மார்க் அதையும் செய்தது: வயலில் இடும் கழிவுநீர்ச் சேற்றில் கிலோவுக்கு 1,300 மில்லிகிராம் எல்.ஏ.எஸ்.ஸுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. நாம் சேற்றில் இதைத் தேடுவதே இல்லை.

செலவு? குளோரோஃபார்ம், சாயம், பிரிபுனல், பயிற்சி பெற்ற ஒரு கை. குறைந்த குளோரோஃபார்மில் முடிக்கும் சிறு கிட்டுகளும் சந்தையில் உண்டு. எதிர்ப்பக்கச் செலவையும் பார்க்க வேண்டும். சலவைப்பொருள் கலந்த நீரில் காற்றுக் குமிழியிலிருந்து ஆக்சிஜன் கரைவது தடைப்படும். நல்ல தண்ணீரில் கரைவதில் பாதியே கரைவதும் உண்டு. அந்த மீதிப் பாதிக்கு ப்ளோயரை இன்னும் அதிக நேரம் ஓட்டுகிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம். உள்ளே வரும் எண் தெரியாமலே இந்தப் பணத்தைச் செலவிடுகிறோம்.

இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் கடைசியில் குடும்பத் தலைவிகளுக்கு ஓர் அறிவுரையோடு முடிப்பது வழக்கம்: தூளைக் குறைத்துப் போடுங்கள், சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் திரும்புங்கள். 2021 ஜூனில் டெல்லி நிர்வாகம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் புதிய தரத்துக்கு உட்படாத சோப்பு, சலவைத்தூள் விற்பனையைத் தடை செய்தது. அந்தத் தடைக்குப் பிறகும் யமுனை நுரைத்தது. தூள் குறைந்தால் நல்லதுதான், நானும் கரண்டி அளவாகத்தான் போடுகிறேன். ஆனால் சாக்கடை ஒரு நிலையத்தைப் பார்க்காமலே ஏரிக்குப் போகும் ஊரில், என் கரண்டியைச் சரிபார்த்துவிட்டு நிலையத்தின் ப்ளோயரைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை.

கேட்பது நான்கே காரியங்கள். ஒன்று, சுத்திகரிப்பு நிலையங்களுக்கான சட்ட அளவுகோலில் எம்.பி.ஏ.எஸ். எச்சத்தைச் சேர்க்க வேண்டும். மத்திய அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் இசைவாணைகளில் இதை நிபந்தனையாக வைக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சிறு நிலையங்களும் இதில் வர வேண்டும். இரண்டு, வெளியேறும் நீரை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே வரும் நீரிலும் அதே நாளில் அளக்க வேண்டும், இரவு மாதிரியும் எடுக்க வேண்டும். மூன்று, தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்திலும் கெலவரப்பள்ளி அணைக்குள்ளும் ஆண்டு முழுவதும், நுரை இல்லாத கோடையிலும், மாதந்தோறும் அளந்து வெளியிட வேண்டும். அடிச்சேற்றையும் சேர்த்து. நான்கு, சாயத்தொழில் நகரங்களில் மின்னூட்டமில்லாத வகைகளுக்கும் தனிச் சோதனை வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையில் எனக்குத் தனி அக்கறை உண்டு. பக்கத்து மாநிலத்தோடு நாம் நுரையைக் காட்டிச் சண்டை போட்டால், அது மழையால் வந்தது, பாசியால் வந்தது, உங்கள் பக்கத்துத் தொழிற்சாலையால் வந்தது என்று எதையும் பதிலாகச் சொல்லலாம். எல்லையில் இத்தனை மில்லிகிராம், அணையில் இத்தனை என்று பன்னிரண்டு மாதக் கணக்கை மேசையில் வைத்தால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் கணக்கு நமக்கே எதிராகவும் வரலாம். ஓசூரின் சாக்கடைப் பங்கும் அதில் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். அணைத் தண்ணீரை வாய்க்காலில் வாங்கித் தக்காளிக்கும் கோஸுக்கும் பாய்ச்சுகிற விவசாயிக்கு, அது எந்த மாநிலத்து சோப்பு என்பதைவிட எவ்வளவு சோப்பு என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.